கொக்கரமேட்டில் கை தூக்கியவர்கள்

கொக்கரமேட்டு ஜனத்தைக் கை தூக்கச் சொன்னால் போதும், தூக்கிவிடும். எதற்கு என்று கேட்கிற பழக்கமே அங்கே கிடையாது. ஐப்பசி பிறந்தால் கண்மாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்து அடுப்பையும் பாயையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் இழுத்துக்கொண்டு போகும். போன மறுநாள் ஜீப்பில் யாராவது வந்து இறங்கி, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவங்க கை தூக்குங்க என்பார்கள். முந்தித் தூக்கினவனுக்குப் போர்வை, பிந்தித் தூக்கினவனுக்கு ரொட்டி, என்ன ஏது என்று விசாரித்துவிட்டுத் தூக்கினவனுக்கு ஒன்றுமில்லை. வருஷா வருஷம் இப்படியே நடந்து நடந்து, மைக் கரகரத்தாலே கை மேலே போகிற அளவுக்கு அந்த ஜனம் தேறிவிட்டது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒரே ஒரு மழைக்காலம் அங்கே வந்து குடியிருந்து பார்த்துவிட்டு, அப்புறம் சிரிக்கட்டும்.

கண்மாய் என்பதும் பேருக்குத்தான். டவுனில் இடிக்கிற கட்டடத்துச் செங்கலும் காரையும் லாரி லாரியாக வந்து கொட்டிக் கொட்டி, கண்மாயில் பாதி மேடாகி, அந்த மேட்டில் குடிசை முளைத்து, குடிசைக்கு ஓடு வந்து, ஓட்டுக்குக் கீழே கரண்ட் வந்து, கடைசியில் ஒரு ரேஷன் கடையும் வந்துவிட்டது. அங்கே வீரணன் என்று ஒரு கொத்தனார். ஊரில் எத்தனையோ பேருக்கு மாடி மேல் மாடி எழுப்பிக் கொடுத்தவன், இப்போதுதான் தனக்கென்று செங்கல் வைத்து ஜன்னல் மட்டத்துக்குச் சுவரை ஏற்றியிருந்தான். அவன் பெண்டாட்டி இருளாயி பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை விற்கிறவள். "அடுத்த மழைக்குள்ள தளம் போட்டுருவேன் புள்ள. பெறகு தண்ணி வந்தா வரட்டும், மேல ஏறி நின்னு வேடிக்கை பாப்போம்" என்று அவன் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஈரச் சுவருக்குள் அந்த வருஷத்தையும் ஓட்டினாள்.

மழை ஓய்ந்து ஈரம் காய்வதற்குள் ரேஷன் கடை முன்னால் சாமியானா போட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், ஆளுக்கு ஒரு டீயும் வடையும் கொடுத்தார்கள். மாநகராட்சிக்குத் திட்டம் வரைந்து கொடுக்கிற கம்பெனியிலிருந்து சுபாஷிணி என்று ஒரு பெண் வந்திருந்தாள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. சொல்ல முடிந்தால் கதைக்கும் வேலை சுலபமாகப் போயிருக்கும். மரம் என்றால் அவளுக்கு உயிர். நகரத்துக்கு மூச்சு முட்டுகிறது, ஒரு காடு வேண்டும், அந்தக் காட்டையும் மக்களைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று மேலிடத்தில் சண்டை பிடித்து வாங்கிக்கொண்டு வந்தவளே அவள்தான். பச்சை பச்சையாக ஒரு பெரிய படத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதில் குளம் இருந்தது, நடைபாதை இருந்தது, பறவை பார்க்கிற கோபுரம் இருந்தது, கொக்கரமேட்டு வீடுகள் இருந்த இடத்தில் பச்சை இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். தங்கள் வீட்டை அதில் தேட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. படத்தில் இடம்பெற்று அவர்களுக்கு என்றைக்குப் பழக்கம்?

"இப்பகுதியை மக்கள் பங்கேற்புடன் நகர்ப்புற வனமாகவும் இயற்கைப் பூங்காவாகவும் உருவாக்குவதில் இசைவு உள்ளோர் கரம் உயர்த்துக" என்று அவள் சுத்தத் தமிழில் வாசித்தாள். ஒலிபெருக்கி வீறிட்டு அடங்கியதில் கடைசி இரண்டு சொல்தான் ஜனத்தின் காதில் விழுந்தது. அதே நேரத்தில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. பெண்களும் பிள்ளைகளும் குடத்தோடு ஓட, இருளாயி இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க, மிச்சம் இருந்த அத்தனை கையும் மேலே போயிற்று. முன்வரிசையில் இருந்த வீரணன், போர்வை என்று நினைத்து வலது கையைத் தூக்கினான். கட்சியின் வட்டச் செயலாளர் தவமணி மேடையில் இருந்த மிதப்பில் ரெண்டு கையையும் தூக்கினார். சுபாஷிணிக்குக் கண் கலங்கிவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, இறக்கிக்கலாம்" என்றாள்.

இறங்கவில்லை.

முதலில் சுளுக்கு என்றார்கள். சுளுக்கு எடுக்கிறவரைக் கூட்டி வரப் போனால் அவரும் கையைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். விளக்கெண்ணெய் காய்ச்சி ஊற்றி நீவினார்கள், தொங்கிப் பார்த்தார்கள், பாண்டி கோயிலில் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, இப்படிக் கூட்டமாக வந்து வழியை அடைக்காதீர்கள் என்றார். வலி என்று ஒன்றும் இல்லை. கை மேலே நின்றது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று ஆன பிறகு, ஜனம் அதற்கும் ஒரு வழி பண்ணிக்கொண்டது. தையல்கடை ராவுத்தர் தோளுக்கு மேலே கை வைத்துச் சட்டை தைக்கப் பழகி, அந்தத் தையலுக்குத் தனியாக ஒரு பேரும் வைத்து, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அதை மாட்டியும் காட்டினார். இடது கையால் சாப்பிடுவதா என்று கூசின ஆண்களுக்குப் பெண்டாட்டிமார் கைக்குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டிவிட்டார்கள். ரோட்டோரம் சும்மா நின்றவனுக்கெல்லாம் ஆட்டோ வந்து நின்று, ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான். பெண்கள் இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாகக் கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், துணி காய்கிற வரைக்கும் அந்த இருவரும் பேச்சுத் துணைக்கு ஆயிற்று என்று நின்றார்கள். வாசற்படியில் குனிந்து நுழைந்தும் கை இடிக்கிறது என்று ஆளாளுக்கு நிலைக்கு மேலே சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு கல்யாணமும் நடந்தது, மாப்பிள்ளை ஒற்றைக் கையால் தாலியைக் கழுத்தில் பிடிக்க, முடிச்சு மூன்றையும் அவன் அக்காளே போட்டுவிட்டாள். பிள்ளைகள் கை தூக்கி விளையாட்டு என்று ஒன்று கண்டுபிடித்து, தாய்மார்களிடம் அடி வாங்கினார்கள்.

தவமணிக்கு யோகம் அடித்தது. ரெண்டு கையோடு ஆதரித்தவர் என்று ஊர் ஊராகக் கூட்டிப்போய் மேடையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களும் மெல்ல மெல்லத் தங்கள் கையை வீட்டுக்குப் பெரிய மனுஷர் மாதிரி பாவிக்கத் தொடங்கினார்கள். எதற்காவது வாக்குவாதம் வந்தால், "நாம என்னத்தச் சொல்ல, அதான் கை சொல்லிருச்சே" என்று பேச்சை முடித்துக்கொண்டார்கள். இருளாயி மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

அவள் வீட்டில் சுவர் ஜன்னல் மட்டத்திலேயே நின்றது. ஒற்றைக் கையால் கரண்டி பிடிக்கலாம், செங்கலை யார் எடுத்துக் கொடுப்பது? இருளாயி கடலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கலவை போட்டுக் கொடுத்தாள். அவன் பூசுகிற இடது கை பழக்கமில்லாத கை. வைத்த கல்லெல்லாம் கோணியது. அவன் அதைப் பார்த்துவிட்டு, "யார் யாரு வீட்டுக்கோ நூல் பிடிச்ச மாதிரி கட்டினேன்டி இருளு" என்று கரண்டியை வீசிவிட்டு அழுதான். அவளும் அழுதாள். ஆனால் அழுது முடித்ததும் அவளுக்கு ரோஷம் வந்தது.

கை தூக்கினவர்களில் மூத்தவரான சோணைக் கிழவர் செத்துப்போனது அப்போதுதான். கையை மடக்கிப் பாடையில் வைக்க எவ்வளவோ பார்த்தார்கள். அது வளைந்து கொடுக்கவில்லை. ஆழமாக வெட்டிப் புதைத்தும், மூடின மண்ணுக்கு மேலே மணிக்கட்டு வரைக்கும் வெளியே நின்றது. பால் ஊற்றப் போன அன்றைக்குச் சுண்டுவிரல் நுனியில் ஒரு துளிர் விட்டிருந்தது. கிழவரின் மகள் அதைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த வாரமே எல்லாருடைய நகக்கண்ணிலும் பச்சை தட்டத் தொடங்கிவிட்டது. தளிர் வருகிற நேரத்தில் அரிக்கும். சொறிந்துவிட ஆள் வேண்டும். அதற்கும் முறை வைத்துக்கொண்டார்கள்.

இருளாயி மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஒரு நாள் சுபாஷிணியைப் படிக்கட்டில் மடக்கிவிட்டாள்.

"மேடம், நீங்க கேட்ட கேள்விக்குத்தான் கை மேல போச்சு. அந்தக் கேள்விய நீங்க திரும்ப வாங்கிக்கிட்டா இறங்கிரும்."

சுபாஷிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேள்விய வாபஸ் வாங்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஆனா மறுபடி கேக்கச் சொல்லலாம். மக்கள் மனசு மாறினா மறு கூட்டம் போடணும்னு நானே விதி எழுதியிருக்கேன்."

"மாறலம்மா. மொதல்லயே அந்த மனசு இல்ல. போர்வைன்னு நெனச்சாக."

"போர்வையா?" என்றாள் சுபாஷிணி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதையும் சொல்லிவிட வேண்டும். மறு கூட்டம் வைத்தார்கள். இருளாயி வீடு வீடாகப் போய்த் தொண்டை கட்டுகிற வரைக்கும் படித்துப் படித்துச் சொன்னாள்: இந்தத் தடவை மைக்கில் என்ன சொன்னாலும் கையைத் தூக்காதீங்க, வாயைத் திறந்து வேணாம்னு சொல்லுங்க, நம்ம வீடு போயிரும், அவுக படத்தில நம்ம வீடு இல்ல. கை சொல்லிருச்சே மதினி என்று இழுத்தவர்களைக்கூடச் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சம்மதிக்க வைத்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். வீரணன் அன்றைக்கு முகச்சவரம் செய்துகொண்டு, ராவுத்தர் தைத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கை இறங்கினதும் போட்டுக்கொள்ளப் பழைய சட்டை ஒன்றை அவள் மடித்து எடுத்து வந்திருந்தாள்.

அன்றைக்குப் பெரிய அதிகாரியே வந்திருந்தார். மைக்கைப் பிடித்து, அதே சுத்தத் தமிழில் அதே வாசகத்தைப் படித்து, இசைவு உள்ளோர் கரம் உயர்த்துக என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பந்தல் முழுக்கக் கைகள் மேலே நின்றன, சில கைகளில் இலையும் ஆடியது.

"வேணாம்! வேணாம்!" என்று ஜனம் கத்தியது.

"கூச்சல் போட்டா எப்படிப் பதிவு பண்றது? கை என்ன சொல்லுதோ அதைத்தான் எழுத முடியும்" என்றார் அதிகாரி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இருளாயி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போனாள். "ஐயா, வேணாம்கிறவுக கையத் தூக்குங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அப்பவும் இந்தக் கையெல்லாம் மேலதான நிக்கும், அதையும் எழுதிக்கிருங்க!"

அதிகாரிக்கு அவள் சொன்னதில் இருந்த நியாயம் புரிந்தது. சிரித்துக்கொண்டார். "ஏற்கெனவே ஆதரவுக்குத் தூக்கின கையை எதிர்ப்புக்கும் எண்ண முடியாதும்மா. ஒரு கைக்கு ஒரு தடவைதான். சரி, எதிர்க்கிறவங்க யாராவது இருந்தா கை தூக்கலாம்."

தண்ணீர் லாரிக்கு ஓடின பெண்களும் பிள்ளைகளும்தான் பாக்கி. இருளாயி வலது கையைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் அது தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள், விழுந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்; விட்டதும் எலும்பே இல்லாதது மாதிரி சரிந்தது. மற்றப் பெண்களுக்கும் அதே கதிதான். பந்தல் ஓரமெல்லாம் பெண்கள் கையைத் தூக்குவதும் அது விழுவதுமாக, மாவு இடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீரணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நிக்கிற கை ஒண்ணும் இல்லை. ஒருமனதாக" என்றார். சுபாஷிணி எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் எழுதிய விதியின்படியே எல்லாம் நடந்திருந்ததால் உட்கார்ந்துவிட்டாள்.

வீடுகளை எடுக்க இயந்திரம் வந்த அன்றைக்குத்தான், கை தூக்கினவர்களால் காலையும் எடுக்க முடியவில்லை என்று தெரிந்தது. ஊருக்கு வெளியே செம்மண்குழி என்கிற இடத்தில் அடுக்குமாடி ஒதுக்கியிருந்தார்கள். லாரிகள் வரிசையாக நின்றன. பாத்திரம் பண்டம் ஏறியது, பெண்களும் பிள்ளைகளும் ஏறினார்கள், ஆடு கோழி ஏறியது. ஆண்களைக் கூப்பிட்டால், நின்ற இடத்தில் நின்றபடி வருகிறேன் வருகிறேன் என்றார்கள்.

"மாமா, ஏறு மாமா" என்று இருளாயி வீரணனை இழுத்தாள்.

"கால்ல என்னமோ புடிச்சிருக்குடி இருளு. நான் போட்ட தரைதான, பேத்துக்கிட்டு உள்ள போகுது. நீ போ. லாரிய விட்றாத."

அவள் கடப்பாரையை எடுத்து அவன் பாதத்தைச் சுற்றி வெட்டினாள். வேர் வெட்டுப்பட்ட இடத்தில் இரத்தம் வந்தது. அவன் கத்தின கத்தலில் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இயந்திரக்காரன் நல்லவன், அவளை விலகச் சொல்லி, அவன் மேல் ஒரு செங்கல்கூட விழாதபடி சுற்றிச் சுவரை மட்டும் பக்குவமாகச் சரித்தான். சாயங்காலத்துக்குள் கொக்கரமேட்டில் வீடு ஒன்றும் இல்லை. காட்டுக்கு வேண்டியவர்கள் நின்றார்கள், வேண்டாதவர்கள் லாரியில் போனார்கள்.

காடு மூன்றாம் மழைக்கே சடைத்துக்கொண்டு நின்றது. கன்று வாங்காமல் வளர்ந்த காடு என்று பல ஊர்களிலிருந்து வந்து பார்த்தார்கள். தவமணி பூங்கா வாசலருகே ரெண்டு கையையும் விரித்து நல்ல நிழல் கொடுத்தார். அடியில் பெஞ்சு போட்டார்கள். இருளாயி தினமும் செம்மண்குழியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, வீரணன் அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். முதல் வருஷம் அவன் பேசினான். பிறகு ஒற்றைச் சொல்லாயிற்று. பிறகு அவள் பேசுவாள், அவன் ம் கொட்டுவான். கடைசியில் அந்த ம்மும் இலைச் சத்தமா, அவன் சத்தமா என்று தெரியாமல் போயிற்று. ஒரு தடவை சுபாஷிணி அவளைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நான் எல்லாரையும் கேட்டுத்தானம்மா செஞ்சேன்" என்று விசும்பினாள். "கேட்டீங்க மேடம்" என்றாள் இருளாயி. அவளைத் திட்டவும் தெம்பில்லை, தேற்றவும் மனசில்லை. கொஞ்ச நேரத்தில் சுபாஷிணி எழுந்து போய்விட்டாள்.

வீரணன் நின்ற இடம் படத்தில் நடைபாதை. அவனுடைய தூக்கின கை தடித்து, பாரம் தாங்காமல் பாதைக்குக் குறுக்கே சாய்ந்து நின்றது. காலையில் நடக்க வருகிற, பூங்காவைச் சுற்றிப் புதிதாக எழும்பின அடுக்குமாடிக்காரர்களுக்கு அது நெற்றியில் இடித்தது. மக்களைக் கேட்காமல் ஒரு கிளைகூட வெட்டக் கூடாது என்பது பூங்காவின் விதி. ஆகவே ஒரு காலையில், கைகொட்டிச் சிரிக்கிற உடற்பயிற்சி முடிந்த கையோடு, நடப்போர் சங்கத் தலைவர் எல்லாரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"மரத்த வெட்டல. இந்த ஒரு கிளை மட்டும். சரிங்கிறவங்க கை தூக்குங்க."

"ஐயா, அது எங்க வீட்டுக்காரரு" என்று இருளாயி எழுந்தாள்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்க எந்த வார்டும்மா?"

"இதே எடந்தான்யா. இந்தா, இங்கதான் அடுப்பு இருந்துச்சு."

"இப்ப?"

"செம்மண்குழி."

"அப்ப இது உங்க வார்டு இல்லையேம்மா" என்றார் அவர், வருத்தத்தோடு.

கைகள் மேலே போயின. தலைவர் எண்ணினார். எண்ணி முடித்ததும் எல்லாக் கைகளும் சாதாரணமாகக் கீழே இறங்கின. இறங்கின கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, டிபனுக்கு நேரமாகிவிட்டது என்று கலைந்தார்கள். அவர்கள் கை மட்டும் எப்படி இறங்கியது என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. இறங்கியது.

ரம்பக்காரன் ஏணி போட்டான். "தள்ளி நில்லுங்கக்கா, மேல விழுகும்" என்றான். அவள் தள்ளவில்லை. சேலையை ஏந்திக்கொண்டு நேர் கீழே நின்றாள். ரம்பம் போகப் போக மரம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது, இலைகள் கொட்டின. "மாமா, இந்தா முடிஞ்சுரும் மாமா, இந்தா முடிஞ்சுரும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கை இறங்கியது. அவள் அதை மார்போடு வாங்கிக்கொண்டு, பாரம் தாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

செம்மண்குழி பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. கண்டக்டர் சீட்டுக் கிழித்துக்கொண்டே, "விறகா ஆத்தா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு கை."

"சரி சரி. பாத்து வச்சுக்க, திரும்புறப்ப யாரு கண்ணுலயாவது குத்திறப்போகுது."

அவள் கையை மடியில் நீளவாக்கில் கிடத்தினாள். இலைகளைக் கிள்ளிவிட்டு, விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிப் பார்த்தாள். எத்தனை பேர் எண்ணெய் போட்டு நீவியும் அசையாத விரல்கள், அவள் தொட்டதும் ஒவ்வொன்றாக மடங்கிக் கொடுத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டன. இருளாயி பஸ் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் இருந்த பெண், பாவம் என்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.